விண்வெளிக் கேள்விக்கு நான் படித்த விதம்

குரூப் 1 மெயின்ஸுக்குப் படித்தபோது, விண்வெளியில் நாடுகளின் போட்டியும் ஒத்துழைப்பும் எனக்குச் சுலபமான தலைப்பாகத்தான் தெரிந்தது. நோட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் போட்டி: 1957 ஸ்புட்னிக், 1961 ககாரின், 1969 அப்பல்லோ 11. வலப்பக்கம் ஒத்துழைப்பு: 1975 அப்பல்லோ-சோயுஸ், 1998 சர்வதேச விண்வெளி நிலையம். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே இதைத்தான் உருப்போட்டேன். மாதிரித் தேர்வில் 15-க்கு 4. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஏன்?' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதற்குப் பதில் தேடும்போதுதான் கிரையோஜெனிக் எஞ்சின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின்) கதை கண்ணில் பட்டது. ஒரே ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எஞ்சினோடு தொழில்நுட்பமும் தருவதாக 1991-இல் சோவியத்தின் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் இஸ்ரோவோடு ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டே, ஏவுகணைத் தொழில்நுட்பம் பிற நாடுகளுக்குப் பரவாமல் தடுக்கும் சர்வதேசக் கட்டுப்பாட்டைக் காட்டி அமெரிக்கா இரு தரப்புக்கும் தடை விதித்தது. அதற்குள் சோவியத் ஒன்றியமே சிதறியிருந்தது. ரஷ்யா இறங்கிவந்தது. ஏழு எஞ்சின்கள் வந்தன, செய்முறை வரவில்லை. மைனஸ் 253 டிகிரியில் ஹைட்ரஜனைத் திரவமாக வைத்து எரிக்கும் வித்தையை நாமே கற்க வேண்டியதாயிற்று. 2010-இல் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரியில்தான் நம் எஞ்சின் பொருத்திய ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் வென்றது. அதே ஜிஎஸ்எல்விதான் 2025 ஜூலை 30-இல் பூமியை ரேடாரால் படமெடுக்கும் நிசார் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதில் எல்-பேண்ட் என்ற அலைவரிசை ரேடார் நாசாவுடையது, எஸ்-பேண்ட் ரேடார் இஸ்ரோவுடையது. அன்று தடை போட்ட நாட்டின் ரேடார், அந்தத் தடையால் நாம் செய்துகொண்ட எஞ்சினில் போயிருக்கிறது! இதை எழுதி முடித்த இரவு எனக்கு உடம்பு சிலிர்த்தது. நோட்டின் நடுக்கோட்டை அழித்துவிட்டேன்.

அப்புறம், நம் ஊர்ப்பக்கத்துச் சங்கதியை விட்டுவிடாதீர்கள். முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லில் இருக்கும் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்தது. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை துணைநிற்க, அதை அரைத்துத்தான் சந்திரயான் சோதனைகளுக்கு மாதிரி மண் தயாரித்தார்கள். நண்பன் கொண்டுவந்த ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது. சாம்பல் கலந்த வெள்ளை, தொட்டால் கல்லுப்பு மாதிரி பொரபொரப்பு. விடையில் இதற்கு இரண்டு வரி போதும்.

சட்டப் பகுதி சுருக்கம்தான்: விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்ற 1967 விண்வெளி ஒப்பந்தம், முன் அனுமதியின்றி நாசா சீனாவோடு சேர முடியாதபடி 2011-இல் வந்த அமெரிக்கத் தடை, நிலவு ஆய்வில் ஒத்துழைக்க அமெரிக்கா முன்வைத்து 2023-இல் இந்தியா கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை. சீனா தனியாக தியாங்கோங் விண்வெளி நிலையம் கட்டியதையும் இதோடு சேர்த்தே படியுங்கள்.

அடுத்த மாதிரித் தேர்வில் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. ஸ்புட்னிக்கை விட்டுவிட்டு ஏழு எஞ்சின்களில் ஆரம்பித்தேன். 9 மதிப்பெண். இந்த முறை ஓரத்தில் 'ஏன்?' இல்லை.