பழைய புல்லட் இன்ஜினில் கரி நீக்குதல்

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350-இன் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் இருவகை அழுக்கு தெரியும். வெளியே, கசிந்த ஆயிலும் சாலைப் புழுதியும் சேர்ந்து இறுகிய பிசுக்கு; உள்ளே, பிஸ்டன் தலையிலும், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் குழிவிலும் வால்வின் கழுத்திலும் தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறுவது போல ஏறியிருக்கும் கரி. பிசுக்கு மண்ணெண்ணெய்க்கு மசியும்; கரி அத்தனை எளிதில் மசியாது. இரண்டையும் ஒரே வழியில், அதுவும் அவசரமாக நீக்க முயல்வதால்தான் நல்ல பாகங்கள் பாழாகின்றன.

கழுவுவதற்கு முன் அது என்ன உலோகம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இன்ஜினின் பிளாக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர், வார்ப்பிரும்பு. ஹெட்டும் பிஸ்டனும், இன்ஜினின் கீழ்க்கூடான கிராங்க் கேஸும் அலுமினியம். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் பளிச்சென்று வரும் என்று சிலர் சொல்லும் யோசனை இரும்புக்கு மட்டுமே பொருந்தும். அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும், கூடவே எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். உப்புத்தாளும் வேண்டாம், ஏனெனில் அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பிறகு ஆயிலோடு சுற்றிவந்து பிளாக்கின் உட்துளையான ‘போரை’த் தேய்க்கும்.

நான் நம்புவது ஊறலையும் மூங்கில் பிளாச்சையும்தான். டீசலில் ஓர் இரவு ஊறிய கரி கரைந்துவிடாது. ஆனால் அதன் பிடி தளரும், பிளாச்சின் கூர்முனைக்குச் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். ஹெட்டைச் சுரண்டும்போது வால்வுகளைக் கழற்றாமல் மூடிய நிலையிலேயே விட்டுவைத்தால், அவை அமரும் விளிம்பில் கீறல் விழாது. பிஸ்டனில் மிகுந்த பொறுமையைக் கேட்பது, அதைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான ரிங் அமரும் பள்ளம். உடைந்த பழைய ரிங் துண்டு ஒன்றை அதில் நுழைத்து மெதுவாக இழுக்க வேண்டும். கறுப்புத் தூளுக்குப் பதில் வெள்ளிநிறச் சீவல் வந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் வருவது கரியன்று, பிஸ்டன்.

2000ஆம் ஆண்டுக்கு முன்பே ஓய்ந்துபோன இன்ஜின் என்றால் இன்னும் கவனம் தேவை. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததால் அந்தப் படிவிலும் ஈயம் இருக்கும். அதை ஒருபோதும் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசியாகப் பறக்கவிடலாகாது. ஈரமாகவே துடைத்தெடுத்து, கைகளை நன்றாகக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

கடைசியாகச் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, ஆயில் துளைகள் ஒவ்வொன்றிலும் காற்றடித்து, மறுபுறம் காற்று தடையின்றி வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். பிளாக்கை மட்டும் காயட்டும் என்று விட்டுவைக்கக் கூடாது. ஈரம் பட்ட வார்ப்பிரும்பு சற்று நேரத்திலேயே துருவேறத் தொடங்கிவிடும் என்பதால், துடைத்த கையோடு போரின் சுவரெங்கும் இன்ஜின் ஆயிலைத் தடவிவிட வேண்டும்.