கண்ணாடித் துண்டு

ஆகஸ்ட் 24
அம்மா அறைக் கதவு மறுபடியும் சாத்தவில்லை. போன மாதம்தான் ஆசாரி மேல் மூலையை இழைத்துக் கொடுத்தார். இழைத்த இடமே இப்போது உரசுகிறது. குறை கதவில் இல்லை, நிலை சாய்கிறது.

ஆகஸ்ட் 26
பொறியாளர் வந்தார். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து செங்கல் செங்கலாகப் படியிறங்கி வரும் விரிசலை வெகுநேரம் பார்த்தார். மூன்று முறை சிமெண்ட் அடைத்துப் பூசிய இடம் அது. மூன்று கோடையிலும் வாய் திறந்துகொண்டது. விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் அப்பினார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். "இது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம் அம்மா."

ஆகஸ்ட் 27
உடையவில்லை.

ஆகஸ்ட் 28
உடையவில்லை. அண்ணன் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 5
காலையில் பால் அடுப்பில் இருக்கும்போதே போய்ப் பார்த்தேன். கண்ணாடியின் நடுவே முடி போல ஒரு கோடு. நகத்தால் தடவினேன், தட்டுப்பட்டது. அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: "விட்டுப்போச்சா தாயி?"

பால் பொங்கி வழிந்துவிட்டது.

செப்டம்பர் 7
தென்மேற்கு மூலையில் தோண்டிப் பார்த்தார்கள். 1983-இல் அப்பா அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியது மூன்றடிதான். கருங்கல் கட்டு கரிசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னும் மூன்றடி போயிருந்தால் சுக்கான் என்கிற கெட்டி அடுக்கு கிடைத்திருக்கும். அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இருந்த பணத்துக்குத் தோண்டியிருக்கிறார்.

குழியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தேன். கல்லாகக் கிடக்கிறது, கடப்பாரை பட்டால் தெறிக்கிறது. மழை குடித்தால் இதே மண் உப்பிச் சுவரைத் தூக்கும். கோடையில் சுருங்கிக் கீழே விட்டுவிடும். நாலு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கினால் வீட்டுக்குப் பெரிய சேதம் இல்லையாம். இங்கே வடக்குப் பக்கம் அடுப்படித் தண்ணீர் விழுந்து வருஷம் முழுக்க ஈரம். தெற்கே வேம்பு உறிஞ்சி ஒரு கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கிறது. வீடு தெற்கே இறங்குகிறது.

அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஆகட்டும் என்று சுவரோரம் திருப்பிவிட்டது நான்தான்.

செப்டம்பர் 8
இரவு முழுக்க வேம்பு நினைப்புதான். சுவரிலிருந்து பதினோரு அடியில் நிற்கிறது. அப்பா வைத்த மரம். வெட்டினால் வீடு பிழைக்குமென்றால் வெட்டத்தான் வேண்டும் என்று விடியும்போது முடிவு செய்தேன். பொறியாளர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இப்போது வெட்டினால் வேர் குடித்து வந்த தண்ணீரெல்லாம் மண்ணிலேயே தங்கி, உப்பி, இறங்கிய பக்கத்தைத் தாறுமாறாகத் தூக்கிவிடுமாம். கிளையைக் கழித்தால் போதும் என்றார். அவர் போனபிறகு மரத்தடியில் போய் நின்று அழுதேன்.

செப்டம்பர் 14
வேலை தொடங்கியது. தெற்குச் சுவருக்கு அடியில் சுக்கான்வரை தோண்டிக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். சுவர் இருபத்துநான்கு அடி, நாலடி வீதம் ஆறு குழி. ஒன்று, மூன்று, ஐந்து முடிந்த பிறகுதான் இரண்டு, நான்கு, ஆறு. வரிசையாகத் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அறையை மாற்ற மாட்டேன் என்கிறார். கட்டிலை மட்டும் உள்சுவர்ப் பக்கம் நகர்த்தச் சம்மதித்தார்.

செப்டம்பர் 15
கடப்பாரைச் சத்தம். அம்மா சாப்பிடவில்லை.

செப்டம்பர் 19
முதல் குழி சுக்கான்வரை போய், கான்கிரீட் நிரம்பி நிற்கிறது. பழைய கல்லுக்கும் அதற்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அதை இன்று அடைத்தார்கள். கொத்தனார் கலவையைக் கைப்பிடியில் இறுக்கிக் காட்டினார். உருண்டை உதிரவில்லை, விரலிடுக்கில் தண்ணீரும் கசியவில்லை. "இந்தப் பதம்தான் அக்கா. தண்ணீர் கூடினால் காய்ந்ததும் சுருங்கும், மறுபடி இடைவெளி விழும்." கட்டையை வைத்துச் சுத்தியலால் இடித்து இடித்துத் திணித்தார். கடைசியில் சத்தம் மாறியது. பொத்தென்று கேட்டது கணீரென்று கேட்டது. உள்ளே இருந்து அம்மா, "இப்போ பிடிச்சிருச்சு" என்றார்.

அக்டோபர் 2
அண்ணன் பேசினான். விற்றுவிடு என்கிறான். யாரிடம், எதை?

அக்டோபர் 9
அடுப்படித் தண்ணீருக்குக் குழாய் போட்டுத் தெருப்பக்கம் கொண்டுபோயாயிற்று. கறிவேப்பிலையைப் பிடுங்கித் தொட்டியில் நட்டேன். தழைக்குமா தெரியவில்லை. ஆறாவது குழி மூடியதும் வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாகத் தளம் போட வேண்டும். அதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். மழைக்கு முன் முடியுமா என்று கொத்தனாரிடம் இன்று நாலு தடவை கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 12
புதுக் கண்ணாடி ஒட்டியாயிற்று. தேதியை அம்மா எழுதினார், கை நடுங்கியது.

அக்டோபர் 16
இரவு பதினொன்றரைக்கு மழை பிடித்துவிட்டது. ஆறாவது குழி திறந்து கிடக்கிறது. குழியைச் சுற்றி வரப்புக் கட்டி, மேலே தார்ப்பாய் இழுத்து, ஓரத்தில் கல் வைத்தோம், நானும் பக்கத்து வீட்டுப் பையனும். தண்ணீர் உள்ளே இறங்கினால் குழியடி சேறாகிவிடும். டார்ச் அடித்து மூன்று முறை பார்த்தேன், கண்ணாடி முழுசாக இருக்கிறது. அம்மா தூங்கவில்லை, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். இரண்டு மணிக்குத் தார்ப்பாயில் தேங்கியதை வாளியில் மொண்டு கொட்டினேன். நாலு மணிக்கு மறுபடி போக வேண்டும்.