மார்க் 3 அம்பாசடரில் இசுசு 1800

அம்பாசடரின் இன்ஜினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவது நம் பக்கம் புதிய சங்கதி இல்லை. டீசல் மலிவாக இருந்த காலத்தில் டாக்ஸி ஓட்டிய எத்தனையோ பேர் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்கும், ஆனால் வண்டி சம்பாதித்துக் கொடுத்தது, அதனால் யாரும் குறை சொல்லவில்லை. என் தேவை அது இல்லை. அப்பா வாங்கிய 1978 மார்க் 3 வண்டியை நான் குடும்பத்தோடு ஓட்டுகிறேன், கோயம்புத்தூரிலிருந்து பழனிக்கும் வால்பாறைக்கும் போகிறேன், அது மலையில் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பழைய இன்ஜினைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பிரிட்டிஷ் கம்பெனியான பிஎம்சியின் பி சீரிஸ், 1489 சிசி. 73 மில்லிமீட்டர் போர், 89 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டனின் அகலத்தைவிட அது ஏறி இறங்கும் தூரம் அதிகம். அதனால்தான் கீழ் வேகத்தில் நன்றாக இழுக்கும், நான்காவது கியரில் மாட்டு வண்டி வேகத்தில் போனாலும் திணறாது. ஆனால் வேகத்தில் சுழலப் பிடிக்காது, மொத்தமே சுமார் 50 குதிரைத்திறன்தான், அதில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி வேறு என்றால், வால்பாறை மலை ஏற்றம் தொடங்கும் ஆழியாறு தாண்டியதும் இரண்டாவது கியர்தான். என் இன்ஜினின் தேய்ந்த சிலிண்டர்களை ஏற்கெனவே பலமுறை கடைந்து போர் அடித்தாகிவிட்டது, இனி உள்ளே புதுக் குழாயாக ஸ்லீவ் போட்டால்தான் வழி என்ற நிலை வந்தபோதுதான் இந்த யோசனையே வந்தது.

எந்த இன்ஜின் என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். குதிரைத்திறனைப் பார்த்து, விலையைப் பார்த்து, கைக்குக் கிடைத்த ஜப்பான் டீசலைத் தூக்கி வந்துவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்ற மாதிரி காரை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: கார் கம்பெனியே அதே உடம்புக்குள் எதை வைத்து விற்றதோ அதைத் தேடுங்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் என்று ஒன்றை இறக்கியது. அதே கம்பெனியின் இன்னொரு காரான காண்டஸா கிளாசிக்கில் ஏற்கெனவே இருந்த இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், கியர் கம்பி தரையில். வெளியே பார்த்தால் பழைய அம்பாசடர்தான். அப்படியென்றால் இன்ஜின் உட்காரும் மௌண்டிங், கியர்பாக்ஸைத் தாங்கும் பட்டை, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாவற்றுக்கும் விடை ஒரு தொழிற்சாலையில் ஏற்கெனவே கண்டுபிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு நாம் ஏன் வெல்டிங் மெஷினோடு புதிதாகத் தொடங்க வேண்டும்?

இது சோம்பேறித்தனமான யோசனை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். முன்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில்தான் இன்ஜினும் தொங்குகிறது, சஸ்பென்ஷனும் தொங்குகிறது. அந்த இடத்தில் கண்ட இடத்தில் சூடு வைத்து ஒட்டினால் நாலு மழைக்காலத்தில் துரு பிடித்து விரிசல் விடும். நான் வைத்துக்கொண்ட விதி: முன்பக்கத்தில் எதையும் வெட்டக்கூடாது, எல்லாம் போல்ட்டில் ஏறி போல்ட்டில் இறங்க வேண்டும்.

வேலைக்கு முன்னால் காகிதம். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே படித்துத் தீர்ப்பு சொன்னது. இன்ஜின் எண், சிசி இரண்டுமே ஆர்சி புத்தகத்தில் இருப்பவை. அதனால் மனு, அதே மாடலில் அதே கம்பெனி இந்த இன்ஜினைக் கொடுத்ததற்கான காகிதம், இன்ஜின் வந்த வண்டியின் பதிவு ரத்தான சான்று, விற்றவர் கொடுத்த ரசீது எல்லாம் வைத்து முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகுதான் முதல் ஸ்பானரை எடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் விபத்து நடந்த அன்று அவர்கள் காட்டும் முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று: 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021ல் விதி வந்தது. அதற்கு வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. உங்களிடம் அறுபதுகளின் வண்டி நல்ல நிலையில் இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். என் வண்டியும் அந்த வயதை நெருங்குகிறது, தெரிந்தேதான் செய்தேன், ஏனென்றால் விண்டேஜ் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கு ஓட்ட வேண்டும். பழைய இன்ஜினை எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, தார்பாயில் சுற்றி ஷெட்டில் வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது திருப்பி வைக்க நினைத்தால் வைக்கலாம்.

இன்ஜின் கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பழைய இன்ஜின் வாங்கும்போது கடைக்காரர் ஸ்டார்ட் செய்து காட்டினால் போதாது, சூடான இன்ஜின் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். நான்கு பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள், சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது இன்ஜின் விலை இல்லை, பழைய இரும்பு விலை. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம், விட்டுவிட்டு வாருங்கள். கியர்பாக்ஸும் அதே வண்டியுடையதாக, இன்ஜினோடு சேர்ந்தே கிடைத்தால் நல்லது. ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங் என்று தனித்தனியாகத் தேடினால் காலம்தான் போகும்.

இறக்குவதற்கு செயின் பிளாக் வாடகைக்கு எடுத்தேன். போர்டிகோ சீலிங்கில் ஃபேன் மாட்டும் கொக்கியில் தொங்கவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள், கூடவே கூடாது. 150 கிலோவுக்குக் குறையாத இரும்பு அது, ஆடும் வேறு. கனமான பைப்பில் முக்காலி செய்து, கால்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். பானெட், ரேடியேட்டர், முன் கிரில் எல்லாம் கழற்றிவிட்டால் அம்பாசடரில் உள்ளே ஆள் இறங்கி நிற்க இடம் இருக்கும், இந்தக் காலத்து வண்டிகளில் கை நுழையவே இடம் கிடையாது. எங்கள் பகுதியில் நாற்பது வருடமாக அம்பாசடர் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினார். முதல் நாளே சொன்னார்: "தம்பி, இன்ஜின் ஏத்தறது அரை நாள் வேலைங்க. அதுக்குப் பின்னாடி இருக்கறதுதான் வேலையே."

ரொம்பச் சரி. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஐஎஸ்இசட் மௌண்டிங்கில் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிட்டன. அப்புறம் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட். இசுசு கியர்பாக்ஸின் நீளம் வேறு, அதனால் பழைய ஷாஃப்ட் பொருந்தாது. வண்டியைத் தரையில், சக்கரங்களின் மேல் நிற்க வைத்து அளவெடுங்கள், ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் பின் ஆக்ஸில் கீழே தொங்கி அளவு மாறிவிடும். லேத் பட்டறையில் வெட்டி ஒட்டித் தருவார்கள், கோவையில் அதற்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஒட்டிய பிறகு பேலன்ஸ் செய்து தரும் இடமாகப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், கியர்பாக்ஸ் சாய்வும் ஆக்ஸில் முகத்தின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் 60க்கு மேல் சீட்டுக்கு அடியில் அதிர்வு வரும், அதற்கு இன்ஜின் மௌண்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வெட்ட வேண்டியிருந்த ஒரே இடம் நடுத் தரை. மார்க் 3ல் கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், இசுசுவில் தரையில். அதற்கு ஓட்டை போட்டு, மேலே போல்ட்டில் பொருந்தும் தகட்டு மூடி செய்தோம். முன்னால் இருந்த நீள சீட் போனதுதான் எனக்கு வருத்தம். அப்பா ஓட்ட, அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் வளர்ந்தேன். தனித்தனி சீட் வைத்தாகிவிட்டது, பழையது பரணில் பத்திரமாக இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி இதை மட்டும் சொல்கிறேன். பழைய அம்பாசடரில் பேட்டரியின் எந்த முனை பாடியில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பாசிட்டிவ் எர்த், அதாவது பிளஸ் முனை பாடியில் கட்டப்பட்ட வண்டி என்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கட்டிய நொடியில் அதன் டயோடுகள் போய்விடும். நான் டைனமோ வயரிங் முழுவதையும் எடுத்துவிட்டு லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டருக்கு ஏற்ற புது ஹார்னஸ் போட்டேன், ஃப்யூஸ் பெட்டியும் சேர்த்து. ரேடியேட்டருக்கு மாருதி 800 மின்விசிறி வைத்ததால் இந்தக் கரண்ட் கட்டாயம் வேண்டும், டைனமோ வெறும் ஐடிலில் அதற்கு ஈடுகொடுக்காது. பெட்ரோல் ஹோஸ்களையும் கார்புரேட்டர் கிட்டையும் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கும் இடத்தில் அது நடக்கக்கூடாது.

பிரேக்கை இன்ஜினுக்கு முன்னாடியே முடித்திருந்தேன். முன்பு நாலு சக்கரத்திலும் டிரம்தான், அதுவும் 50 குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டது. லைனிங், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள் எல்லாம் புதுசு, கூடவே வாக்குவம் பூஸ்டர். முன்னுக்கு டிஸ்க் செட் பின்னாளைய அம்பாசடரிலிருந்து எடுத்துப் போட்டோம். வேகம் கூடிய வண்டிக்கு நிற்கும் சக்தி கூடவில்லை என்றால் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரையும் புதிய எடைக்கு ஏற்ப முறுக்கி உயரத்தைச் சரிசெய்து, பிறகு அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

வால்பாறைக்கு ஏற்றிப் பார்த்தோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. நேர் ஏற்றங்களில் மூன்றாவது கியரில் நிதானமாக ஏறியது, வளைவில் மட்டும் இரண்டு. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துக்கொண்டது, பிரேக் வாடை வரவே இல்லை. பின்சீட்டில் இருந்த அம்மா, ஏசியை எப்போது அணைக்கப்போகிறாய் என்று பாதி மலையில் கேட்டார்கள். முன்பெல்லாம் அங்கே அணைத்தால்தான் ஏறும்.

பாக்கி இருப்பது பின் ஆக்ஸில். சமதளத்தில் இன்ஜின் தேவைக்கு மேல் சுழல்கிறது, ஐந்தாவது கியர் இருந்தும். இதை ஆக்ஸிலைத் திறக்காமலே கணக்கிடலாம்: ஒரு பின்சக்கரம் தரையில் நிற்கட்டும், மற்றதை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் ரேஷியோ. என் வண்டியில் ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது, அதாவது ஆக்ஸிலுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 39 பல், பினியன் என்ற சிறியதில் 8, வகுத்தால் 4.875. 15 அங்குலச் சக்கரத்தில் நேர் கியரில், அதாவது நான்காவதில், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் 3,100 சுற்றைத் தாண்டுகிறது என்பதற்கு இதுதான் காரணம். 9க்கு 41 பல் செட் ஒன்று கிடைத்தால் 4.556க்கு இறங்கும், மலைக்கும் அது போதும். உக்கடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். பல் தேயாத செட் எங்காவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள், பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை, அதாவது பேக்லாஷை, செட் செய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களோடு சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.