பக்கத்துக்கு இருநூறு

அக்டோபர் 6, 2025

பழைய மலையாளப் பத்திரங்களைத் தமிழாக்கி வக்கீல்களுக்குக் கொடுப்பது என் வேலை. காலை எட்டரைக்கு ஒரே ஒரு பக்கத்தோடு உட்கார்ந்தேன். எழுந்தபோது மணி ஒன்றரை. மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1082, துலாம் (ஐப்பசி) மாதத்தில் எழுதிய விலைப்பிரமாணம், அதாவது கிரயப் பத்திரம். எல்லாம் மலையாள எழுத்து. மடிப்பு விழுந்த இடத்தைச் செல் அரித்திருந்ததால் நாலு சொல்லுக்கு நாற்பது நிமிடம் போயிற்று. ஆண்டு மாற்றுவதும் லேசில்லை. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் 1907 என்று வரும், அது தப்பு. கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது ஆவணியில், பிறப்பதால் துலாத்துக்கு 824தான் கூட்ட வேண்டும். ஆக 1906.

வயல் அளவு சென்டில் இல்லை, நாலு பறை விதைப்பாடு, அதாவது நாலு பறை நெல் விதைக்கிற நிலம். விலை 1400 பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், எனவே 200 ரூபாய் என்று அடிக்குறிப்பு போட்டேன். போட்ட பிறகுதான் சிரிப்பு வந்தது. நான் பக்கத்துக்கு வாங்குவதும் 200 ரூபாய்தான். 2019-ல் வைத்த ரேட்.

ஐந்து மணி நேரத்துக்கு இருநூறு.

அக்டோபர் 8

தேங்காய் வெட்ட வந்தவர் மரத்துக்குப் பத்து ரூபாய் கூட்டிவிட்டார். முன்னறிவிப்பு இல்லை, வருத்தமும் இல்லை. இறங்கி வந்து, முகம் துடைத்து, "இந்த தடவ பத்து கூடுதல்க்கா" என்றார். அம்மா எண்ணிக் கொடுத்தாள். அவர் போன பிறகு அவர் சொன்ன தோரணையை நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அக்டோபர் 9

கணக்கு. மாதம் சராசரி 60 பக்கம், 12,000 ரூபாய். பக்கத்துக்கு 350 ஆக்கினால் 35 பக்கத்திலேயே 12,250 வந்துவிடும். அதாவது 25 பக்கத்து வேலை கைவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை, கண்ணுக்கும் ஓய்வு. இதைத் தாளில் எழுதிப் பார்க்கும்வரை, ஒரு வக்கீல் போனாலே சோற்றில் மண் விழுந்துவிடும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

பக்கக் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு பக்கப் பிரமாணம்தான் உயிரை வாங்கும். பத்துப் பக்கப் பாகப்பிரிவினை என்றால் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியவன் கை நமக்குப் பழகிவிடும். அதனால் குறைந்தபட்சம் என்று ஒன்று வைக்க வேண்டும்: முதல் பக்கத்துக்கு 500, அதற்கு மேல் பக்கத்துக்கு 350.

அக்டோபர் 13

வேலை தருகிறவர்களுக்கு வாட்ஸாப் செய்தி. முதலில் எழுதியதில் விலைவாசி, கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை எல்லாம் வந்துவிட்டது. படித்துப் பார்த்தால் கடன் கேட்பது போல இருந்தது. அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "நவம்பர் 1 முதல், முதல் பக்கம் 500, அடுத்த பக்கங்கள் 350. இந்த மாதம் கைக்கு வரும் வேலைகளுக்குப் பழைய ரேட்."

அக்டோபர் 14

முதல் போன், ஒரு வக்கீலின் குமாஸ்தா அண்ணன். "முன்னூத்தம்பதா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். "உங்களுக்குன்னா முந்நூறு போதும்ணே" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் குறைக்கச் சொல்லவே இல்லையே!

அக்டோபர் 17

குலசேகரத்துப் பெரியவர் மட்டிப்பழச் சீப்போடு நேரில் வந்தார். "மக்களே, உனக்க பாட்டா இருந்தா சும்மாவே வாசிச்சு தந்திருப்பாரு."

உண்மைதான். பாட்டா, என் தாத்தா, வாசித்துக் கொடுத்திருப்பார், டீயும் போட்டுக் கொடுத்திருப்பார். எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் பாட்டாவுக்கு பென்ஷன் வந்தது. இதைப் பெரியவர் முன்னால் சொல்லத் தோன்றவில்லை, இரவு பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. பெரியவரின் வேலையைப் பழைய ரேட்டுக்கே முடித்துக் கொடுத்தேன். அக்டோபர்தானே.

அக்டோபர் 23

எர்ணாகுளம் ஏஜென்சி ஒன்றுக்கு மலையாளம்-தமிழ் வேலை செய்கிறேன், சொல்லுக்கு 80 பைசா. ஒரு ரூபாய் இருபது பைசா கேட்டதற்கு, "பட்ஜெட் இல்லை." ஜூலை மாத பில்லே இப்போதுதான் வந்திருக்கிறது, 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தது போக. என்னிடம் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் பதிவு, இருக்கிறது. ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். அதைச் சொல்லி ஒரு மெயில் போட்டேன், கூடவே இனி வேலை வேண்டாம் என்றும். விட்டது சனி.

நவம்பர் 1

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். 1956-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்தன. பிள்ளைகள் தமிழ் படித்தார்கள், பெட்டிக்குள் இருந்த பிரமாணங்கள் மலையாளத்திலேயே கிடந்தன. என் பிழைப்பு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

புது ரேட்டின் முதல் நாள். ஒரு போனும் வரவில்லை.

நவம்பர் 5

இன்னும் இல்லை. ரேட்டைக் கேட்டதும் ஒரு வக்கீல் வேறு ஆளிடம் போய்விட்டதாகக் கேள்வி, அங்கே பக்கத்துக்கு 150. பழைய ரேட்டையே தொடரலாமா என்று செய்தி எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 10

அந்த வக்கீலே கூப்பிட்டார். 150 ரூபாய் மொழிபெயர்ப்பில் சர்வே எண் 43 என்று இருக்கிறதாம், தாலுகா ஆபீஸ் பதிவோடு ஒத்துப்போகவில்லையாம். போட்டோ அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்தேன். மலையாளத்தின் பழைய 9-ம் 'ன்' எழுத்தும் அச்சாக ஒன்று போலவே இருக்கும். முன்னால் இருந்த சொல்லோடு 9-ஐ ஒட்டிப் படித்துவிட்டார்கள். 43 இல்லை, 943.

"முழுசா ஒரு தடவை நீங்களே பார்த்துத் தரணும். எவ்வளவும்மா?"

"முதல் பக்கம் 500, அப்புறம் பக்கத்துக்கு 350 சார்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'உங்களுக்குன்னா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், வேறு என்ன செய்வது.

"சரி, இன்னும் ரெண்டு இருக்கு. மூணையும் நாளைக்குக் கொடுத்து விடுறேன்."

நவம்பர் 11

குமாஸ்தா அண்ணன் கொண்டு வந்த கவரில் நாலு இருந்தது. நாலாவதைக் காட்டி, "இது சின்னதுதானே" என்றார்.

நாலுக்கும் பில் போட்டேன்.