எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வீகன் உணவு: முதலில் பயறு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் பால், தயிர், முட்டை, மீன் என்று விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தொடாத வீகனாக நலமாக வாழ முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முடியும், ஆனால் நாம் வழக்கமாக உண்ணும் மரக்கறி உணவை அப்படியே அளவு குறைத்து உண்டால் முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சமையலில் தாவர உணவுக்குப் பஞ்சமில்லை என்றாலும், அதில் பெரும்பகுதி அரிசி, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), தேங்காய், ஏத்தன்பழம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் கேட்பதோ புரதம்.

நான் தக்கலைப் பக்கத்தைச் சேர்ந்தவள். வீட்டில் பசு வளர்த்த காலத்தில், பிறந்த காளைக்கன்றுகள் யார் கைக்குப் போகின்றன என்பதைப் பார்த்து வளர்ந்ததால், அறுவை சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் முன்பே பாலையும் விட்டுவிட்டேன். எனக்குச் செய்யப்பட்டது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. இரைப்பையில் 75 முதல் 80 விழுக்காடு வரை அகற்றிவிட்டு, மிஞ்சியதை ஒரு குழாய் போல ஆக்கிவிடும் முறை அது. மருத்துவமனையில் சைவ உணவினருக்கென்று வைத்திருந்த பட்டியலில் கொழுப்பு நீக்கிய பால், மோர், பனீர், வே புரதப்பொடி ஆகியவையே புரதத்துக்காகக் குறிக்கப்பட்டிருந்தன. நான்குமே பாலிலிருந்து வருபவை. உணவியல் நிபுணரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

அந்தக் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மிஞ்சியுள்ள இரைப்பை தொடக்கத்தில் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலிட்டர் வரைதான் கொள்ளும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். வெந்த சிறுபயறு 100 கிராமில் சுமார் 7 கிராம் புரதமே இருக்கிறது. ஆகவே பயற்றை மட்டும் நம்பினால் ஒரு நாளில் 800 கிராமுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும், அது இந்த வயிற்றால் ஆகாது. அதனால் முதல் மாதங்களில் பட்டாணி அல்லது சோயாப் புரதப்பொடி தவிர்க்க முடியாதது. 30 கிராம் பொடியில் 20 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கிறது. இனிப்புச் சேர்க்காத சோயாப் பாலில் அதைக் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கலாம். பசும்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலோ பாதாம் பாலோ போதும் என்று நினைப்பவர்கள் பலர். அவற்றில் புரதம் மிகவும் குறைவு. மென்மையான உணவு அனுமதிக்கப்பட்ட பிறகு டோஃபுவும், நன்றாக ஊறவைத்துப் பொடியாகத் துருவிய மீல் மேக்கரும் பெரிதும் உதவுகின்றன. உலர்ந்த மீல் மேக்கரின் எடையில் பாதி புரதம்.

மரச்சீனியைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர் உணவைப் பற்றிப் பேச முடியாது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இந்தக் கிழங்கின் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரத்து நின்ற காலத்தில் இது பல குடும்பங்களின் பசியைத் தீர்த்தது. ஆனால் அவித்த கிழங்கு 100 கிராமில் ஒன்று அல்லது ஒன்றரை கிராம் புரதம் இருந்தாலே பெரிது. கிழங்கோடு மீன்கறி சேர்ந்ததால்தான் அது முழு உணவாக இருந்தது. மீனை எடுத்துவிட்டுக் கிழங்கை மட்டும் வைத்தால் வயிறு நிறையும், உடல் தேயும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிறு நிறைவது எளிது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. "மீன் இல்லாம இந்த உடம்பு எப்படித் தேறும் மக்களே?" என்று என் மாமி கேட்டதில் அன்போடு உண்மையும் இருந்தது, மீன் இருந்த இடத்தில் வேறொன்று வந்தாக வேண்டும்.

என் வீட்டில் அந்த இடத்துக்கு வந்தது சிறுபயறு. மசித்த உணவுக் கட்டத்தில் நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்த பயற்றைக் குக்கரில் குழைய வேகவைத்து, சீரகமும் ஒரு பல் பூண்டும் இரண்டு மணி நல்லமிளகும் சேர்த்து அரைத்து, அரிப்பில் (சல்லடையில்) இட்டுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால், தோலெல்லாம் மேலே தங்கிவிடப் பச்சை நிறக் கூழ் கீழே இறங்கும். தேங்காய் சேர்ப்பதில்லை. தேக்கரண்டியின் நுனியில் எடுத்து நாவிலேயே கரைய விட்டு, அடுத்த வாய்க்குச் சற்று நேரம் பொறுக்க வேண்டும். ஐந்தாறு கரண்டிக்குள் நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு கரண்டி போனாலும் எல்லாம் மேலே வந்துவிடும். கஞ்சியும் பயறும் சேர்த்து உண்டு பழகிய நமக்குப் பயற்றை மட்டும் உண்டு கஞ்சியை விடுவது கடினமாக இருக்கும். ஆனால் உணவோடு நீராகாரம் கூடாது. உண்பதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். புட்டு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்வதால் அதை மிகவும் தாமதமாகவே தொட்டேன். உளுந்து கூட்டி ஆட்டிய இட்டலி விரைவில் ஒத்துக்கொண்டது. பின்னர் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), கடலைக்கறி, துவரம்பருப்போடு வெந்த முருங்கைக்கீரை என்று தட்டு விரிந்தது. எந்த வேளையிலும் பயறோ பருப்போ முதலில், பிறகு காய், இடம் இருந்தால் மட்டுமே சோறு.

வைட்டமின் பி12 விஷயத்தில் நான் எவரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். நாம் உண்ணும் பயறு, கீரை, கிழங்கு எதிலும் அது நம்பத்தக்க அளவில் இல்லை. உணவிலிருந்து அதைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைசெய்யும் புரதத்தை இரைப்பைச் சுவர்தான் சுரக்கிறது. அந்த இரைப்பையின் பெரும்பகுதி நமக்கு இல்லை. வீகனாக இருப்பவருக்கு இது இரட்டைக் குறை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பற்றாக்குறை மெதுவாகத்தான் வெளிப்படும், ஆனால் நரம்புகள் பாதிக்கப்பட்டுவிட்டால் முழுவதும் சீராகாமல் போகலாம். நாள்தோறும் மாத்திரையோ மாதம் ஒருமுறை ஊசியோ மருத்துவர் சொல்லும் அளவில் ஆயுள் முழுவதும் தேவை. அது நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிக்கப்படுவதால் நம் கொள்கைக்கும் இடையூறு இல்லை.

கால்சியம் மாத்திரையில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் வகை கரைய வயிற்று அமிலம் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் இருக்கட்டும். இரும்பு மாத்திரையோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) வேண்டாம், நெல்லிக்காய்ச் சாறு நல்லது. வாந்தி தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள்: உடலில் தயமின் (வைட்டமின் பி1) சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே வரும், அது தீர்ந்தால் மூளையே பாதிக்கப்படும். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும், கேப்ஸ்யூல் உறைகள் பல ஜெலட்டினால் ஆனவை என்பதும் வீகன்களை உறுத்தும். பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் மருந்தை விட்டுவிடக் கூடாது. 1944இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட வீகன் சொசைட்டியின் வரையறையே இயன்ற அளவு, நடைமுறைக்கு ஒத்த அளவு என்றுதான் சொல்கிறது.

மார்த்தாண்டம் தேனை வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்லாத உறவினர் இல்லை. வீகன் என்பதால் தேன் எனக்கு விலக்கு. விலக்கு இல்லாதவர்களுக்கும் தேன், அக்கானி (பதநீர்), கருப்பட்டிக் காப்பி போன்ற செறிந்த இனிப்புகள் படபடப்பையும் வியர்வையையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரக்கூடும். இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவைச் சிறுகுடலுக்கு நேரே செலுத்தும் பைபாஸ் முறையில் அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கல்யாணப் பந்தியில் உட்காரத் தயங்க வேண்டியதில்லை. பரிமாறுபவரிடம் நெய் விடாமல் பருப்பு மட்டும் கேட்டால் தருவார்கள். அவியலில் தயிர் உண்டா என்று முன்கூட்டியே சமையல்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்; நம் பக்கத்தில் புளியோ மாங்காயோ சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. புளிசேரியும் மோரும் நமக்கில்லை. தேங்காய்ப்பாலில் செய்த பிரதமனிலும் நெய் சேர்ந்திருக்கும், வெல்லமும் மிகுதி. இலையில் விழும் முன்பே கையால் மறைத்துவிடுகிறேன். இலை நிறைய உணவு மிஞ்சுவதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் வருந்துவதால், சோற்றைத் தொடக்கத்திலேயே ஒரு கைப்பிடி போதும் என்று சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.