அம்மாவின் இசைத்தட்டுகள்: சில நாட்குறிப்புகள்

ஜனவரி 11, சனி

அம்மா தம் இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல், அலமாரியில் புத்தகங்களை வைப்பதுபோல் நிறுத்தியே வைத்திருந்ததால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றில் பெரும்பாலானவை வளையாமல் இருக்கின்றன. பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருந்தது. அதை மாற்றியதோடு ஊசியையும் புதிதாகப் போட்டேன். முனை தேய்ந்த ஊசி ஒவ்வொரு சுற்றிலும் தட்டில் ஒலி பதிந்திருக்கும் நுண்வரிகளைச் சுரண்டிவிடும் என்பதால், ஆவலை அடக்கிக்கொண்டு, புதிய ஊசி வரும்வரை ஒரு தட்டையும் சுழலவிடவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

1948-இல் அறிமுகமான, நீண்ட நேரம் ஓடும் எல்.பி. (லாங் ப்ளே) தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு பக்கம் 20 நிமிடங்களுக்குச் சற்று முன்பின்னாக ஓடுகிறது. கைப்பேசியில் முதல் சில நொடிகளிலேயே பிடிக்கவில்லை என்று தீர்மானித்துப் பாடலைத் தாண்டிவிடுவது என் வழக்கம். இங்கும் ஊசியைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம்தான். ஆனால் கை சற்றுத் தவறினாலும் அம்மாவின் தட்டில் கீறல் விழுந்துவிடும் என்ற அச்சம் என்னை நாற்காலியிலேயே இருத்திவிட்டது. அதனால்தான், விறுவிறுப்பான பாடல்களுக்குப் பின் அந்தப் பக்கத்தின் கடைசியில் வந்த, தொடக்கத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லாத மெதுவான பாடலை முழுவதும் கேட்க நேர்ந்தது. இரவு முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

அது கடைசியில் இடம்பெற்றதற்குப் பொறியியல் காரணமும் இருக்கலாம். 12 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. நீள வரி ஊசியைக் கடந்து செல்கிறது. லேபிளை நெருங்கும்போது அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. ஒரு நொடி ஒலி அவ்வளவு குறுகிய நீளத்தில் அடங்க வேண்டியிருப்பதால், அங்கே உச்ச ஒலிகள் எளிதில் சிதைகின்றன. எனவே முழக்கமானதை முதலிலும் அமைதியானதை முடிவிலும் வைப்பது தயாரிப்பாளர்கள் பலர் கையாண்ட முறை.

ஜனவரி 18, சனி

தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அது எவ்வளவு ஒலித்திருக்கிறது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஓயாமல் ஊசி ஓடிய வரிகள் மங்கிச் சாம்பல் பூத்திருக்கின்றன. அதிகம் தீண்டப்படாதவை கறுத்துப் பளபளக்கின்றன. இந்தக் கணக்கின்படி அம்மா மிகுதியாகக் கேட்டது, ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹ், வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான செல்லோ தனித்து ஒலிப்பதற்காக இயற்றிய தொகுதிகளைச் செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் வாசித்த தட்டு. 1936-க்கும் 1939-க்கும் இடையில் பதிவான இந்த வாசிப்பு முதலில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளில் வெளிவந்தது; அவற்றின் ஒரு பக்கம் நான்கு நிமிடங்களைச் சற்றே தாண்டும். அம்மாவிடம் இருப்பது பின்னாளைய எல்.பி. மறுபதிப்பு. வில் கம்பியில் உராயும் கரகரப்பும் பழைய பதிவின் இரைச்சலும் கலந்தே வருகின்றன. துணைக்கு வேறு கருவி எதுவும் இல்லாத அந்தத் தனிக்குரலை ஏன் இவ்வளவு விரும்பினார் என்று அவரிடமே கேட்டேன்.

“விரும்பியா கேட்டேன்? ரொம்ப நாள் என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். கேட்டுக் கேட்டுத்தான் பிடிச்சுது” என்றார்.

காசல்ஸுக்கும் அது உடனே கைவந்துவிடவில்லை. 1890-இல், 13 வயதில், தந்தையுடன் சென்றபோது பார்சிலோனாவின் ஒரு பழைய இசைக்கடையில் அந்தச் சுரக்குறிப்பேட்டைக் கண்டெடுத்த அவர், பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பிறகே அதை அரங்கில் வாசித்ததாகக் கூறியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு முதல் பக்கத்தை மீண்டும் போட்டேன். முதல் முறை ஒரே ஓட்டமாகத் தோன்றிய சுரங்களுக்குள், கீழிருந்து ஒரு குரல் வினவுவதும் மேலிருந்து மற்றொன்று விடை தருவதும் இப்போது தெளிவாகக் கேட்டன.

ஜனவரி 22, புதன்

கேட்க நேரம் கிடைக்கவில்லை. மென்தூரிகையால் தட்டுகளைத் துடைத்து, மக்கிய உள்ளுறைகளை மட்டும் மாற்றினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா அநேகமாகத் தொடவே தொடாத தட்டு ஒன்று இருக்கிறது: பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல் பதிவுசெய்த கோல்ட்பர்க் வேரியேஷன்கள். இதுவும் பாஹ் இயற்றியதே. ஒரே அடிப்படையின் மேல் எழும் 30 மாறுபாடுகள் (வேரியேஷன்கள்), பியானோவில். கூல்டின் விரல்கள் அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுவதைக் கேட்டு நான் மூச்சடைத்துப் போனேன். அம்மாவை அழைத்து அருகில் அமர்த்தினேன். சிறிது நேரத்திலேயே அவர் முகம் சுளித்தார்.

“இந்த ஆள் கூடவே முனகிக்கிட்டே வாசிக்கிறாரே, அதனாலதான் எடுத்து வெச்சுட்டேன்.”

உண்மைதான். கூல்டின் பதிவுகளில் அவருடைய முனகல் கேட்கத்தான் செய்கிறது. அவருடைய முதல் ஆசிரியர் அவருடைய தாய் என்பதையும், வாசிப்பதையெல்லாம் பாடிக்கொண்டே வாசிக்குமாறு சிறு வயதில் பழக்கியவர் அவரே என்பதையும் சொன்னேன். அம்மா அந்த வாதத்தை ஏற்கவில்லை. கற்றுக்கொடுத்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தவும் சொல்லியிருக்க வேண்டும் என்றார். எனக்கோ, அந்த முனகல் வரும் இடங்களில்தான் உள்ளோடும் இரண்டாவது இழை எது என்று பிடிபடுகிறது. நெடுநேரம் வாதாடினோம். கடைசியில், நான் காசல்ஸைக் கேட்ட அளவுக்கேனும் தாமும் கூல்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வதாக ஒப்புக்கொண்டு, தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்.