நண்டு ஊராத கை

முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் அம்மா. பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். ஈரோட்டு வெயிலில் மதியம் கரண்ட் போய்விட்டால் அம்மாயியும் பேத்தியும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் நண்டூருது நரியூருதுதான். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை அதில் ஊன்றிப் பருப்பு கடைந்து, வீட்டில் உள்ள எல்லோருக்கும் விரல் விரலாக ஒரு வாய் ஊட்டி, கடைசியில் மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை நண்டு ஊரும்.

இடது கையில் நண்டு ஊர்ந்தது. வலது கையில் பருப்பே கடைய முடியவில்லை. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கு விரலும் அதன்மேல் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தால் பிரியும், விட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். உள்ளங்கைக்குள் வேர்வையும் துணிநூலும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏங்கண்ணு, இந்தக் கை மட்டும் விரியவே மாட்டீங்குது?”

வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் போனோம். “இடது கைப் பழக்கமா இருக்கும்மா, ஒரு வயசு ஆகட்டும் பார்க்கலாம்” என்றார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. என் கொழுந்தனார் இடது கைக்காரர். அந்த வழி என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

இன்று யார் வீட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் என் கண் அதன் கைகளுக்குத்தான் போகிறது. ஒரு வயதுக்குள் குழந்தைக்குச் சோத்தாங்கை, நொட்டாங்கை என்ற பேதமே கிடையாது. எந்தப் பக்கம் கிலுகிலுப்பை இருக்கிறதோ அந்தக் கை போகும். ஐந்து மாதத்தில் ஒரே கைதான் எல்லாவற்றுக்கும் நீள்கிறது என்றால் பார்க்க வேண்டியது நீளாத கையை. இதை எனக்கு அந்த டாக்டர் சொல்லியிருக்கலாம். சரி, விடுங்கள்.

ஏழாம் மாதம் வேறொரு டாக்டர். வயதான அம்மா. ஒரு சாவிக்கொத்தை எடுத்தார், பாப்பாவின் இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார், வலது பக்கம் குலுக்கினார். பாப்பா சாவியைப் பார்த்தாள், சிரித்தாள், வாயைத் திறந்துகொண்டு உடம்போடு சாய்ந்தாள். வலது தோள் கொஞ்சம் எழும்பியது. கை முஷ்டியாகவே கிடந்தது. மொத்தம் அரை நிமிடம் இருக்கும். “எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம்” என்றார்.

தூக்க மருந்து சிரப் கொடுத்துத் தூங்க வைத்து எடுத்தார்கள். படத்தில் இடது பக்கம் மூளையின் நடுத் தமனி ரத்தம் கொண்டுபோகும் இடத்தில் ஒரு பள்ளம். பிறப்பதற்குக் கொஞ்சம் முன்போ, பிறந்த சில நாட்களிலோ வந்த ஸ்ட்ரோக் என்றார்.

ஸ்ட்ரோக் என்றதும் எனக்கு மாமனார்தான் கண்முன் வந்தார். மூன்று வருடமாக வலது கை, வலது கால் விழுந்து, பேச்சும் போய்க் கட்டிலில் இருப்பவர். தண்ணீர் வேண்டுமென்றாலும் “தா தா” தான், டிவி மாற்ற வேண்டுமென்றாலும் “தா தா” தான். அவருக்கும் இடது மூளை. ஒரே வீட்டில் எழுபது வயதுக்கும் ஏழு மாதத்துக்கும் ஒரே நோயா? பிஞ்சுக் குழந்தைக்கு வாதம் வருமா என்று கேட்காத சொந்தம் இல்லை.

வரும். வாழ்நாளில் ஸ்ட்ரோக் வர அதிக வாய்ப்புள்ள நாட்களில் பிறப்பை ஒட்டிய நாட்களும் சேர்த்தி. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கணக்கெடுத்து, ஏறக்குறைய 1,100 பிறப்புக்கு ஒன்று என்று 2020-ல் வெளியிட்டார்கள். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு மனசு நிலைக்கு வரும். அன்று முதல் ராத்திரி பாப்பா தூங்கியதும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி, அகராதியும் கூகுளுமாக வாசிக்க ஆரம்பித்தேன்.

அதில் எனக்கு முதலில் தேவைப்பட்டது மருந்து இல்லை. யார் குற்றம் என்று தெரிய வேண்டியிருந்தது. கிரகணத்தன்று நான் வெளியே போனதை ஒரு பெரியம்மா ஞாபகப்படுத்தினார். ஆபரேஷன் செய்து எடுத்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பிரசவக் கஷ்டத்தால் குழந்தைகளுக்குக் கை கால் இழுத்துக்கொள்கிறது என்று 1861-லேயே லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற டாக்டர் பேசியிருக்கிறார். அதை மறுத்தவர் யார் தெரியுமா, சிக்மண்ட் ஃபிராய்ட். கனவுக்கு அர்த்தம் சொன்ன அதே ஃபிராய்ட், அதற்கு முன்னால் குழந்தைகளின் பக்கவாதத்தைப் பற்றிப் புத்தகமே போட்டவர். கருவிலேயே ஏதோ ஆகியிருக்கலாம், பிரசவம் கஷ்டமானதே அதன் அறிகுறியாக இருக்கலாம் என்று 1897-ல் எழுதினார். எனக்குச் சுகப்பிரசவம், பாப்பா பிறந்ததும் வீறிட்டு அழுதாள், வலிப்பும் வரவில்லை. பெரியம்மாவிடம் ஃபிராய்டைச் சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று அதிகம் சந்தேகப்படுவது நஞ்சுக்கொடியை. கர்ப்பத்தில் தாயின் ரத்தம் சீக்கிரம் உறையும், பிரசவத்தில் ரத்தம் கொட்டிவிடக் கூடாதே என்று உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. நஞ்சில் ஒரு சின்ன ரத்தக் கட்டி உருவாகி, தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் இதயத்துக்குப் போனால், அங்கே மேலறைகளுக்கு நடுவில் எல்லாக் கருவுக்கும் இருக்கிற ஓட்டை வழியாகத் தாண்டி நேரே மூளைக்கு ஏறிவிடலாம். பெரியவர்களுக்கு நுரையீரல் வடிகட்டிவிடும், கருவில் அந்த வடிகட்டி வேலை செய்வதில்லை. நிரூபிக்க நஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் மாதத்தில் நஞ்சுக்கு எங்கே போவது?

இதே ஆத்திரம்தான் 2022-ல் வந்த நெதர்லாந்து ஆய்வைப் படித்தபோதும். உட்ரெக்ட் நகரில், ஸ்ட்ரோக் வந்த 10 பச்சிளம் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்களை) மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்கிற முதல் படி மட்டும்தான் அது. பிறந்து ஒரு வாரத்துக்குள் விட்டார்கள். நாங்கள் கண்டுபிடித்ததோ ஏழு மாதம் கழித்து.

அந்த ஸ்டெம் செல் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் போன் செய்தார். முதுகுத்தண்டில் ஊசி, மூன்று லட்சம், தவணையிலும் கட்டலாம். என் வீட்டுக்காரர் நகையை எடை போடுகிற அளவுக்குப் போய்விட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில், ஆய்வுக்கு வெளியே இந்த மாதிரி சிகிச்சை கொடுப்பது முறையல்ல என்று தெளிவாக இருக்கிறது. ஆய்வில் சேர்ப்பவர்கள் அந்தச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. அதை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நகை பீரோவுக்குத் திரும்பியது.

பயிற்சிக்கு அரசு ஆஸ்பத்திரியில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனோம், வளர்ச்சியில் தடங்கல் உள்ள குழந்தைகளைச் சின்ன வயதிலேயே பார்க்கிற இடம். அந்த பெஞ்சில் கோபியிலிருந்து வரும் ஓர் அக்கா. அவர் மகன் பிறந்ததும் அழவில்லை, ஆக்சிஜன் குறைந்து மூளை முழுக்க அடிபட்டது. “பொறந்தவுடனே குளிர வெச்சிருந்தா சரியாயிருப்பானாமே, நாங்கதான் விட்டுட்டமா?” என்று கேட்டார். பணக்கார நாடுகளில் குளிரூட்டுவது வழக்கமான சிகிச்சைதான். ஆனால் சென்னை உட்பட இந்தியாவிலும் இலங்கையிலும் வங்கதேசத்திலும் 408 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2021-ல் முடிவு வந்தது. உடம்பை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தார்கள். பாதிப்பு குறையவில்லை. குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 31. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப நாங்க விடல” என்றார்.

பாப்பாவின் பயிற்சி வேடிக்கையானது. நல்ல கையைக் கட்டிப்போட வேண்டும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்கர் குரங்குகளில் கண்டுபிடித்தது. ஒரு கையின் உணர்வு நரம்பை வெட்டினால் குரங்கு அந்தக் கையை மறந்தே விடுகிறது, நல்ல கையைக் கட்டினால் மறந்த கை எழுந்து வருகிறது. (குரங்குகளை வைத்திருந்த விதத்துக்காக 1981-ல் பெரிய வழக்காகிவிட்டது, அது தனிக் கதை.) அதைத்தான் பெரியவர்களுக்கும், பிறகு குழந்தைகளுக்கும் கொண்டுவந்தார்கள். நாங்கள் பழைய பனியன் துணியில் உறை தைத்து இடது கையில் மாட்டினோம். முதல் நாள் அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆறாம் நாள், முஷ்டியாலேயே ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்ட சத்தத்துக்கு அவளே பயந்து, அப்புறம் மறுபடியும் தட்டினாள். மாமனார் கட்டிலிலிருந்து “தா தா” என்றார். அந்த ஒன்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

பேச்சு வருமா என்பதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட்டின் குழு, பிறப்பை ஒட்டி இடது மூளையில் ஸ்ட்ரோக் வந்த 15 பேரை, வருடங்கள் கழித்துப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறது. மொழி வலது மூளைக்குக் குடி மாறியிருந்தது. அதுவும் கண்டபடி இல்லை, இடப்பக்கம் எங்கே இருந்திருக்குமோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதற்கு நேரெதிரே. மாமனாரின் மூளைக்கு அந்த வீடு மாறும் வயது தாண்டிவிட்டது. பாப்பாவுக்கு இப்போது நாலரை வயது. வாய் மூடுவதில்லை. தாத்தாவுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதே அவள்தான், பாதி அவளாகப் போட்டது.

கை அப்படி இல்லை. காலில் லேசான இழுப்பு, வலது கை உதவிக் கையாகத்தான் நிற்கிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், “சாமி, பீச்சாங்கையில சாப்பிடக் கூடாது, சோத்தாங்கையில சாப்பிடு” என்பார். எனக்கு முன்பெல்லாம் அங்கேயே கண் கலங்கும். போன மாதம் ஒரு பந்தியில் அவளே முந்திக்கொண்டாள்: “எனக்கு இதுதான் சோத்தாங்கை.”

உறையை எப்போதோ எடுத்தாயிற்று. இப்போது இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலைகள்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கென்று மணி, பாசி, மூடி போட்ட டப்பா எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கிறது. அம்மாயி பட்டியலைப் பார்க்கவே இல்லை. நிலக்கடலையை வேகவைத்து முறத்தில் கொட்டி, திண்ணையில் எதிரே உட்கார்ந்துகொள்கிறார். வலது கையால் காயை முறத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், இடது கட்டைவிரலால் நசுக்கிப் பிரிக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் காய் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடும். நேற்று பதினோரு காய் உரித்தாள். எட்டு அவள் வாய்க்கு, மூன்று தாத்தாவுக்கு. தெருவுக்கு ஓடியதை நாய் பார்த்துக்கொண்டது.